முன் தராசு

கபடி பார்க்கப் போகிற கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பாடிப் போகிறவனைப் பார்க்கத்தான் போகிறார்கள். விசில் அவனுக்கு, மாலை அவனுக்கு, பேனரில் பெரிய முகம் அவனுக்கு. கோட்டோரம் குனிந்து நின்று, வருகிறவனின் கணுக்காலையே பார்த்துக்கொண்டு, ஆட்டம் முழுக்க நாலைந்து முறை மட்டும் பாய்கிறானே கார்னர்காரன், அவன் பேர் ஜெயித்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தோற்றால் மட்டும் ஊருக்கே ஞாபகம் வரும்.

கோடுப்பட்டிக்குப் போன வருஷம் அப்படி வந்தது. இறுதி ஆட்டம், கடைசி நிமிஷம், லெஃப்ட் கார்னர்காரன் பிடித்த காலை விட்டுத் தொலைத்தான். ஒரு பாயிண்டில் கோப்பை போயிற்று. அந்தப் பையன் அடுத்த வாரமே ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவன், பொங்கலுக்குக்கூட ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. அதனால் இந்தச் சித்திரையில் கோடுப்பட்டியில் பேச்சு என்றால் ஒரே பேச்சுதான். லெஃப்ட் கார்னருக்கு யாரை எடுப்பது?

போட்டி பத்து ஊருக்குள் நடப்பது. வெயிட் கபடி. அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் ஒரு கிராம் இருந்தாலும் ஆளைக் கோட்டுக்குள் விட மாட்டார்கள். காசுள்ள ஊர் நல்ல ஆட்களையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது என்று சண்டை வந்த பிறகு, ஏலத்தை விட்டுவிட்டுச் சீட்டுக் குலுக்கல் கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர்கள் எல்லோர் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும். சீட்டில் வந்த வரிசைப்படி ஒவ்வொரு ஊரும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். பையன்கள் அதை டிராஃப்ட் என்றார்கள், பெரியவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

கோடுப்பட்டியில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. யாரை எடுப்பது என்று கேப்டன் முடிவு செய்வதில்லை. ஜெர்சி, வேன், சோறு எல்லாம் ரசிகர்கள் போடுவது, ஆகவே ரசிகர்கள் கை தூக்கி யாரைச் சொல்கிறார்களோ அந்தப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு கேப்டன் அருண்குமார் காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறுவான். கூடவே ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடந்த ஒருவன் ஆட்டத்துக்கு முன்பே மயங்கி விழுந்தான். அதிலிருந்து, மூன்று கிலோவுக்கு மேல் கூட இருக்கிறவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் எடுக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

பேச்சு கடைசியில் இரண்டு பெயரில் வந்து நின்றது. ஒருவன் வத்தல்மலை சத்யராஜ். மெலிந்த உடம்பு, அறுபத்து மூன்று கிலோ. மலையில் சாமை விதைக்கிற குடும்பம், ஏறி இறங்கி வலுத்த கால். இன்னொருவன் உள்ளூர்க்காரன் தர்மன். தக்காளி போடுகிற கண்ணம்மாளின் ஒரே பையன், இருபத்து நாலு வயசு, டிராக்டர் ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாகச் சீட்டு சரியாக விழாமல் வேறு ஊருக்கு ஆடி, சொந்த ஊர் ஆட்களையே மடக்கிப் பிடித்து, சொந்த ஊர்க்காரன் வாயாலேயே திட்டு வாங்கியவன். ஒரே ஒரு தடவையாவது கோடுப்பட்டி ஜெர்சி போட வேண்டும் என்று அவனுக்கு அப்படி ஒரு ஆசை.

சத்யராஜுக்கு வக்கீல் மாதவராஜ். பஸ் ஸ்டாப்பில் செல்போன் கடை வைத்திருப்பவன். எந்த ஆட்டத்தில் எவன் எத்தனை பிடி பிடித்தான், எத்தனை நழுவ விட்டான் என்று வீடியோவோடு எடுத்துக் காட்டுவான். ரசிகர்களின் வாட்ஸப் குரூப்பில் அவனோடு வாயைக் கொடுத்து ஜெயித்தவன் கிடையாது. தர்மனுக்கு வக்கீல் பச்சியப்பன்.

இந்தப் பச்சியப்பன் மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டியில் எடை போடுகிறவன். முப்பத்தெட்டு வயசு. ஒரு காலத்தில் அவனும் லெஃப்ட் கார்னர்தான். முட்டி போன பிறகு விளையாட்டு போயிற்று, பேச்சு மட்டும் மிஞ்சியது. நாலு வருஷமாக அவன் சொன்ன பெயர் ஒன்றுகூட கைதூக்கலில் ஜெயித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் மாதவராஜ் ஏதாவது ஒரு வீடியோவைப் போட்டு அவன் வாயை அடைத்துவிடுவான். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்குக் குரூப்பில் சிரிக்கிற பொம்மையாகவே வந்து விழும். இந்தத் தடவை விடுவதில்லை என்று பச்சியப்பன் வரிந்துகட்டினான்.

பொய் சொல்லக் கூடாது, அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சத்யராஜ் பிடிப்பான், ஆனால் இழுபடுவான். எதிரே திமிறுகிறவனை நிறுத்த உடம்பு வேண்டும். தர்மன் கணுக்காலைப் பிடித்தால் உடும்புப் பிடி. பிடித்த இடத்தில் ஆள் உட்கார்ந்தே தீர வேண்டும். கூட்டம் மெல்ல மெல்ல பச்சியப்பன் பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் மாதவராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“எல்லாஞ் சரி. ஆளு எழுபது கிலோ இருப்பான் போலிருக்குதே?”

கண்ணால் பார்த்தே சொன்னான் பாவி. பச்சியப்பனுக்குச் சுருக்கென்றது. எழுபதெல்லாம் இல்லை, அறுபத்தேழுகூட இருக்காது என்று அடித்துப் பேசினான். பேச்சு வளர்ந்தது. எதற்குப் பேசிக்கொண்டு, நாளைக்கு மண்டியில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சரி என்றார்கள். பச்சியப்பனும்தான் சரி என்றான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த மண்டியில் இரண்டு தராசு உண்டு. இரண்டும் கரண்டுத் தராசு, இரண்டிலும் சிவப்பு எழுத்து. உள்ளே, லாரிக்கு ஏற்றுகிற பக்கம் இருப்பது பின் தராசு. அது நியாயமான தராசு. வெளியே, விவசாயிகள் கொண்டுவந்து இறக்குகிற பக்கம் இருப்பது முன் தராசு. தக்காளி நிரம்பிய பிளாஸ்டிக் கிரேட்டை இரண்டு இரண்டாக அடுக்கி அதில் வைப்பார்கள். ஐம்பது கிலோவைத் தாண்டி எது ஏறினாலும் அந்தத் தராசு மூன்று கிலோவை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் காட்டும். சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து முதலாளி அப்படிச் செய்து வைத்திருந்தார். இது முதலாளிக்குத் தெரியும், பச்சியப்பனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஆறு வருஷமாகத் தெரியும். ஊர்க்காரர்கள் தக்காளியை அவன் கையாலேயே அதில் ஏற்றி, சிவப்பு எழுத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவான். நம்மூர்க்காரன் எடை போடுகிறான் என்று நம்பிக் கோடுப்பட்டி ஆட்கள் அந்த மண்டிக்கே வருவார்கள். கண்ணம்மாளும் வருவாள். முதலில் அவனுக்கு உறுத்தியது. அப்புறம் உறுத்துவது நின்றுபோயிற்று, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, சந்தை ஓய்ந்த பிறகு இருபது பேர் தர்மனைத் தள்ளிக்கொண்டு மண்டிக்கு வந்தார்கள். கல்யாண வீடு மாதிரி சிரிப்பும் கூச்சலும். பின் தராசில் லாரிக்காரன் ஏற்றிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷம் பொறுத்தால் அது காலியாகிவிடும். பச்சியப்பன் பொறுக்கவில்லை. தர்மனின் தோளில் கை வைத்து முன் தராசில் ஏற்றினான். கை தவறிச் செய்தது என்று பிற்பாடு அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான், அது ஒட்டவில்லை. தெரிந்துதான் செய்தான்.

அறுபத்தேழு இருநூறு என்று சிவப்பு எழுத்து காட்டியது.

அதாவது தர்மன் எழுபது கிலோ இருநூறு கிராம். மாதவராஜ் கண்ணால் போட்ட எடை கிட்டத்தட்ட சரி. ஆனால் தராசு காட்டுவதைத்தானே ஊர் நம்பும்? இரண்டு கிலோ இருநூறுதான் அதிகம், கட்டுப்பாட்டுக்குள்ளேதான் இருக்கிறது என்று ஒருவன் கத்தினான். கை தூக்கச் சொன்னார்கள். பதினேழு கை தர்மனுக்கு. மாதவராஜ் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக பச்சியப்பன் ஜெயித்தான். அன்றைக்கு மத்தியானச் சோறு அவனுக்கு அவ்வளவு ருசித்தது.

சாயங்காலம் காரிமங்கலத்தில் அருண்குமார் தர்மன் பெயரைச் சொல்லி எடுத்துவிட்டான். சத்யராஜைக் கடத்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்று மாற்று ஆளாக எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எடை, பத்து மணிக்கு மேல் ஆட்டம்.

அதன் பிறகுதான் பச்சியப்பனுக்குக் கணக்கு உறைத்தது. நாலு நாளில் ஐந்து கிலோ இருநூறு குறைய வேண்டும். பையனோ இரண்டு கிலோதானே என்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு புது ஜெர்சிக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கிறான். இப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமை போட்டித் தராசில் ஏறி நின்று, அத்தனை பேர் முன்னால் மூன்று கிலோ கூடக் காட்டி, வெளியே போகச் சொல்லுவார்கள். மண்டியில் அறுபத்தைந்து, இங்கே எப்படி அறுபத்தெட்டு என்று மாதவராஜ் கேட்பான். அவன் கேட்காமல் விடமாட்டான். அப்புறம் தக்காளி விற்கிற ஒவ்வொருவனும் கேட்பான்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, ஆறு வருஷமாக ஏமாந்த ஊர் சும்மா விடுமா? வியாழக்கிழமை விடிந்ததும் தர்மனைத் தனியாகக் கூப்பிட்டான். போட்டித் தராசு எப்போதும் இரண்டு மூன்று கிலோ கூடத்தான் காட்டும், அதனால் மண்டித் தராசில் அறுபத்திரண்டு வருகிற வரைக்கும் குறைத்துவிடு என்றான். வெளியே யாருக்கும் சொல்லாதே, மாதவராஜ் அதை வைத்து ஏதாவது கிளப்புவான் என்றும் சேர்த்துக்கொண்டான்.

தர்மன் கொஞ்சம் முழித்தான். “அறுபத்தி ரெண்டா மாமா? முடியுங்களா?” என்று கேட்டான்.

“நீ நெனச்சா முடியும். ஜெர்சி வேணுமா வேணாமா?”

அவனுக்கு ஜெர்சி வேண்டும்.

அன்றிலிருந்து சோற்றை விட்டான். வெள்ளிக்கிழமை தண்ணீரையும் விட்டான், வாயைக் கொப்புளித்துத் துப்புவதோடு சரி. தக்காளிப் பாத்தியில் விரித்தது போக மீந்த மல்ச்சிங் ஷீட் வீட்டில் கிடந்தது. அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கை வயிற்றிலும் மார்பிலும் சுற்றி, மேலே இரண்டு சட்டை போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் ஏரிக்கரை மேல் ஓடினான். ஓடி முடித்து ஷீட்டை அவிழ்த்தால் வேர்வை குடம் சாய்ந்த மாதிரி கொட்டுமாம். பார்த்தவர்களெல்லாம் தம்பிக்கு என்ன வெறி பார் என்று பெருமையாகப் பேசினார்கள். அதை வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டார்கள். மாதவராஜ்கூட ஒரு கைதட்டு பொம்மை போட்டான். இரண்டு கிலோவுக்கு எதற்கு இத்தனை ஓட்டம் என்று அவனுக்குக்கூடத் தோன்றவில்லை.

தோன்றியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். சனிக்கிழமை காலை கண்ணம்மாள் பச்சியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தெட்டு வயசு, புருஷன் இல்லை, ஒன்றரை ஏக்கரைத் தனியாகக் கட்டி மேய்க்கிறவள். உள்ளே வா என்றாலும் வரவில்லை. அவன் மனைவி காபி கொண்டுவந்தாள், அதையும் வாங்கவில்லை.

“ரெண்டு கிலோ கொறைக்கணும்னு சொன்னாங்க. அதுக்கு இப்பிடிப் பட்டினி எதுக்கு தம்பி? உதடெல்லாம் வெடிச்சுப் போய் கெடக்குறான். மூத்திரம் காப்பித்தண்ணியாட்டம் போவுதுன்னு சொல்றான். ஒரு சொம்புத் தண்ணி குடிடான்னா மாமா திட்டுவாருங்கறான். நீ ஒரு வார்த்த சொல்லு, அவன் கேப்பான்.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். மனைவி உள்ளே போய்விட்டாள், வாசலில் கண்ணம்மாளும் அவனும்தான். அக்கா, பையனை நிறுத்துங்க, தராசு தப்பு என்று ஐந்தே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தராசு தப்பு என்றால் அவள் அடுத்து என்ன கேட்பாள் என்பதும் கூடவே வந்தது. இத்தனை வருஷமும் அவள் கிரேட்டு கிரேட்டாகச் சுமந்து கொண்டுவந்து இறக்கியதும் அதே தராசில்தானே?

“போட்டின்னா அப்பிடித்தாங்க அக்கா. இன்னும் ஒரு நாளு. அப்பறம் நல்லா சாப்பிட்டுக்குவான்” என்றான்.

உனக்குத் தெரியாததா, நீ விளையாடினவன், நீ சொன்னால் சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவன் நின்றுகொண்டே இருந்தான். கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் முன் தராசில் தர்மன் அறுபத்து மூன்று காட்டினான். நிஜத்தில் அறுபத்தாறு. இன்னும் ஒரு கிலோ என்றான் பச்சியப்பன். தர்மன் சரி மாமா என்றான். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலம் மைதானத்தில் எடை. தர்மன் அறுபத்து நாலு தொள்ளாயிரம். நூறு கிராம் குறைவு. கோடுப்பட்டி ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இறக்கிவிட்டதும் அவன் இரண்டு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். பயத்தில் எடுக்கிறான் என்று சிரித்தார்கள். ஆட்டம் தள்ளித் தள்ளிப் போய் பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. மண் தரை கொதித்தது. கோடுப்பட்டி ஜெர்சியில் முதுகில் அவன் பெயர் எழுதியிருந்தது. ஜெர்சிக்குக் கொடுத்த அளவு நாலு நாளைக்கு முந்தின உடம்புக்கு. தோளில் தொளதொளவென்று தொங்கியது.

முதல் பாதியில் மூன்று பிடி. மூன்றும் கணுக்கால் பிடி, மூன்றிலும் ஆள் அப்படியே உட்கார்ந்தான். இப்படி ஒரு லெஃப்ட் கார்னரை இந்தத் தாலுகா பார்த்ததில்லை என்று மைக்கில் சொன்னார்கள். மாதவராஜ் பச்சியப்பன் பக்கம் திரும்பி, “நீ சொன்னது சரிதாண்டா. நான்தான் தப்பு” என்றான். மனசார சொன்னான். அந்த வார்த்தைக்காகத்தான் பச்சியப்பன் நாலு வருஷம் காத்திருந்தான். அது காதில் விழுந்தபோது அவனுக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

இரண்டாவது பாதியில் நாலாவது பிடி. பிடித்த கணுக்காலைத் தர்மன் விடவில்லை. விசில் ஊதியாயிற்று, பாடி வந்தவன் எழுந்திருக்கப் பார்க்கிறான், இவன் கை பிடித்தது பிடித்தபடி இருக்கிறது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. உடம்பில் ஒரு பொட்டு வேர்வை கிடையாது, தொட்டால் சுட்டது. தண்ணீரைக் கொட்டி, விசிறி, யாரோ ஒருவன் காரில் போட்டுத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே அதுதான். எடை குறைத்தானா? எத்தனை நாளில் எத்தனை கிலோ? அருண்குமார் பச்சியப்பனைப் பார்த்தான். சுற்றிலும் ஊர்க்காரர்கள். கண்ணம்மாள் அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கி, செருப்பில்லாமல் ஓடிவந்து நிற்கிறாள்.

“ரெண்டு கிலோங்க” என்றான் பச்சியப்பன்.

டாக்டரம்மா நம்பாத மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது அவன் பின்னாலேயே போய், ஐந்து கிலோவுக்கு மேலே இருக்கும் மேடம், நாலு நாளில் என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை, அதை நீங்கள் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, ரத்தமே சொல்லிவிட்டது என்றாள். அந்த அரை மணி நேரம் எதையும் மாற்றவில்லை என்று அதற்கு அர்த்தமா, அவனுக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தர்மன் செத்துப்போனான். கோடுப்பட்டி ஜெர்சியைப் போர்த்தித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். குரூப்பில் எல்லோரும் படத்தைக் கறுப்பாக மாற்றினார்கள். அவனை மயங்கி விழ வைத்த வெயிலைத் திட்டினார்கள், ஆட்டத்தைப் பதினொன்றரைக்கு வைத்தவர்களைத் திட்டினார்கள். இரண்டு கிலோ குறைத்தவன் எப்படிச் செத்தான் என்று யாரும் கேட்கவில்லை. விதி என்று ஒரு வார்த்தை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

போட்டியை இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். செத்தவனுக்குப் பதில் கோடுப்பட்டி ஒரு ஆளை எடுத்துக்கொள்ளலாம், கடத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்களும் மனமிரங்கிச் சத்யராஜை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஒன்பதாம் நாள் குரூப்பில் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. முதலில் தயங்கித் தயங்கித்தான். தர்மனுக்காகவாவது கோப்பை வாங்க வேண்டும் என்று ஒருவன் எழுதினான். சத்யராஜ் இழுபடுவானே என்று இன்னொருவன். முன்னைக்கு இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறான் என்று மாதவராஜ். எவ்வளவு இருப்பான் என்று கேள்வி வந்தது. அதற்கு நாலு பேர் ஒரே பதிலைப் போட்டார்கள். மண்டியில் ஏற்றிப் பார்த்துவிடலாம்.

பச்சியப்பன் அதைப் படித்துவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். கூச்சல் இல்லை, சிரிப்பு இல்லை. நடுவில் சத்யராஜ் கூச்சத்தோடு நின்றான். செத்தவன் இடத்துக்கு வருகிறோம் என்று அவனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. மண்டியில் அப்போது இன்னும் ஐந்தாறு விவசாயிகள் இருந்தார்கள். அந்த வரிசையில் கண்ணம்மாளும் இருந்தாள். தக்காளி துக்கம் பார்க்காது, பறிக்காவிட்டால் செடியிலேயே வெடித்து அழுகும். இரண்டு கிரேட்டை அவளே ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து மினி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். பையன் இருந்திருந்தால் டிராக்டரில் வந்திருக்கும். அவளைப் பார்த்ததும் ரசிகர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவள் முறை வந்தது. இரண்டு கிரேட்டையும் முன் தராசில் அடுக்கினாள். பச்சியப்பன் சிவப்பு எழுத்தைப் பார்த்தான். ஐம்பத்து நாலு. வழக்கமாகச் சத்தமாகச் சொல்லுவான், அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவளே எட்டிப் பார்த்துக்கொண்டு, கிரேட்டைக் கீழே இறக்கி ஓரமாக நகர்ந்தாள்.

தராசு காலியானதைப் பார்த்து மாதவராஜ் சத்யராஜின் முதுகைத் தட்டினான். சத்யராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தராசில் வைத்தான்.

“அதுல ஏறாத” என்றான் பச்சியப்பன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்யராஜ் காலை எடுத்துவிட்டான். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி மெதுவாக எழுந்தார். என்ன விஷயம் என்று மாதவராஜ் கேட்டான். பச்சியப்பன் கண்ணம்மாளிடம் போனான். குனிந்து அவளுடைய கிரேட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே கொண்டுபோய்ப் பின் தராசில் அடுக்கினான். அவள் பின்னாலேயே வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

ஐம்பத்தேழு.

மாதவராஜ் ஒருமுறை முன் தராசைத் திரும்பிப் பார்த்தான், ஒருமுறை இந்த எழுத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லோருக்கும் முன்னால் புரிந்துவிட்டது. கையிலிருந்த செல்போன் கீழே விழுந்தது, அவன் எடுக்கவில்லை. விவசாயி ஒருவர் முதலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டார். வெளியே சத்தம் கிளம்பியது. கண்ணம்மாள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் தக்காளியைப் பற்றிக் கேட்பாள் என்று பச்சியப்பன் காத்திருந்தான். கேட்டால் நன்றாக இருக்கும், அதற்கு அவனிடம் பதில் இருந்தது.

“எம் பையனையும் அதுலதான ஏத்துன?”

“ஆமாங்க அக்கா.”

“அப்ப அவன் எழுவது கிலோவா?”

“ஆமாங்க.”

“அது உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

தெரியும் என்று தலையை ஆட்டினான். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

“சனிக்கெழம உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு, ஒரு வார்த்த சொல்லுன்னு கேட்டனே தம்பி” என்றாள்.

அவள் கிரேட்டுகளை அங்கேயே விட்டுவிட்டு, முன் தராசைச் சுற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனாள். பின் தராசில் ஐம்பத்தேழு என்று எழுத்து எரிந்துகொண்டே இருந்தது.